சாண் விட்டு அறுத்த பட்டு

1966 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது: "விடியற்காலையில் எழுந்தேன். கிணற்றடியில் குளியல். இட்லி, காபி. பள்ளிக்கு நடந்து போனேன். முதல் பாடவேளை ஒன்பதாம் வகுப்பு, அடுத்தது பதினொன்றாம் வகுப்பு. பேனா கசிகிறது, சட்டைப்பையில் மை." அன்று மாலை பள்ளி ஆண்டு விழா. அதைப் பற்றி காலையில் ஒரு வரிகூட எழுதவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது என்ற நினைப்பு.

வரலாறு நடத்த இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பாடம் நடத்தும் முறையை உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது பாடம் வகுப்பறையை விட்டு வெளியே போய்விட்ட ஒரு நாளைப் பற்றி.

அப்போது எங்கள் பாடத்தில் இங்கிலாந்து அரசர்களும் இருந்தார்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள். ஒன்றுக்கு வெள்ளை ரோஜா சின்னம், மற்றதற்குச் சிவப்பு ரோஜா. அரியணைக்காக ஒரு தலைமுறைக் காலம் அடித்துக்கொண்டார்கள். அந்த வம்சாவளிப் படத்தைப் பார்த்து நான் கல்லூரியில் புரியாமல் விழித்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் என் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் விழிக்கவில்லை. அண்ணன் தம்பி தறிகளைப் பங்கு பிரித்துக்கொண்டு நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிய வீடுகள் அவர்கள் தெருவிலேயே இருந்தன. படத்தைக் கரும்பலகையில் போட்டதுமே, "பெரியவரு புள்ளைக்குத்தான சார் பாத்தியதை? சின்னவரு எப்பிடி நடுவுல பூந்தாரு?" என்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

அரசர்களைவிட அந்தக் காலத்துத் தண்டனைகள் அவர்களுக்கு இன்னும் பிடித்தன. சந்தையில் ஏமாற்றியவனைத் தொழுமரத்தில் மாட்டுவார்கள்: இரண்டு பலகைகளுக்கு நடுவே துளைகள், அதில் கால்களைப் பூட்டிவிட்டால் போகிற வருகிறவரெல்லாம் பார்த்துச் சிரிக்கலாம். அதற்கும் முந்தைய காலத்தில், திருடினானா இல்லையா என்று தெரியாவிட்டால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடிக்கச் சொல்வார்கள். பிறகு கையைத் துணியால் கட்டி, மூன்றாம் நாள் அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி.

"இரும்பு எதுக்கு சார், எங்கம்மா தோச கரண்டியே போதும்" என்றான் முனுசாமி. அந்த வகுப்பிலேயே பெரிய உடம்பும் பெரிய குரலும் அவனுக்குத்தான். வகுப்பு சிரித்து அடங்கியதும் ஏகாம்பரம் எழுந்து நின்றான். ஒல்லியான பையன், அதிகம் பேசமாட்டான்.

"ஏன் சார் மூணு நாளு? அன்னிக்கே பாத்தா ஆவாதா?"

புண் ஆறவோ பழுக்கவோ நாள் பிடிக்கும் என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

எனக்கு முன்பு அந்தப் பள்ளியில் வரலாறு நடத்தியவர் ஓய்வு பெறும்போது என்னிடம் ஒன்று சொன்னார்: "வகுப்பு முழுக்க சிரிக்கறப்ப, சிரிக்காத மூஞ்சி எதுன்னு பாத்துக்கப்பா. நீ சொல்ற கதை அவன் வூட்ல நடந்துக்கினு இருக்கும்." அன்று அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு அந்தப் பாடத்திலிருந்தே ஒரு நாடகம் போட்டோம். அரசர் இறந்துவிடுகிறார். மூத்த மகனுக்குப் பன்னிரண்டு வயது, இளையவன் அதற்கும் சின்னவன். காப்பாளராக வந்த சித்தப்பா ரிச்சர்டு, இருவரையும் லண்டன் கோட்டையில் தங்கவைத்துவிட்டுத் தானே அரசராகிறார். அதன்பின் அந்தப் பிள்ளைகளை யாரும் பார்க்கவில்லை. முனுசாமிதான் ரிச்சர்டு. ஏகாம்பரமும் எட்டாம் வகுப்பில் படித்த அவன் தம்பி குமரனும் இளவரசர்கள். உண்மையான அண்ணன் தம்பி என்றால் முகச்சாயல் பொருந்துமே என்று நான்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுக்கு அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். சித்தப்பா கன்னியப்பன் வீட்டில் தாயோடு இருக்கிறார்கள் என்பதும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

கடைசிக் காட்சியில் ரிச்சர்டைத் தொழுமரத்தில் மாட்ட வேண்டும் என்று பையன்கள் ஒரே பிடிவாதம். பழைய பலகையில் துளை போட்டுத் தொழுமரமும் செய்து கொண்டுவந்துவிட்டார்கள்.

"அப்படி நடக்கவில்லை. அவர் போர்க்களத்தில் செத்தார்" என்றேன்.

"நடக்கலன்னா இன்னா சார்? நடந்திருக்கணும் இல்ல?" என்றான் ஏகாம்பரம். அவன் என்னிடம் அவ்வளவு அழுத்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் இறங்கவில்லை. பிள்ளைகளைக் கொன்றது யார், கொன்றார்களா என்பதுகூட உறுதியாகத் தெரியாது. தெரியாததை மேடையில் காட்டக் கூடாது. ரிச்சர்டு கோட்டைக் கதவைப் பூட்டுவார், திரை விழும், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டேன். தொழுமரம் வீணாகாமல் இருக்க, இரண்டாம் காட்சியில் ஒரு சந்தைத் திருடனைச் சேர்த்தேன்.

இனி உடை. பிரபுக்களுக்கு ஜரிகை வேட்டிகளும் அங்கவஸ்திரங்களும் கன்னியப்பன் இரவல் தருவதாகச் சொல்லியிருந்தார். அரசச் சிறுவனுக்கு மட்டும் போர்வை கிடைக்கவில்லை. புதன்கிழமை ஏகாம்பரம் ஒரு பட்டைச் சுருட்டி எடுத்து வந்தான். அரக்கு நிறம், கெட்டி ஜரிகைக் கரை. ஒரு முனையில் ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு இழைகள் தனித்தனியாகத் தொங்கின. "வூட்ல சும்மா இருந்துச்சு சார்" என்றான். குஞ்சம் வைத்த போர்வை, அரசனுக்கு மிகவும் பொருத்தம் என்று பாராட்டி வாங்கிவைத்தேன். நான் தென்னேரிக்காரன், உழவு வீட்டுப் பிள்ளை. நெல்லில் எந்த ரகம் என்று கேட்டால் சொல்லுவேன். பட்டில் எது குஞ்சம், எது வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை மதியம் கடைசி ஒத்திகை. ஏகாம்பரம் அந்தப் பட்டைப் போர்த்திக்கொண்டு மேடை நடுவில் நின்றான். குமரன் தலையில் அட்டைக் கிரீடம். முனுசாமி தாடி ஒட்டிக்கொண்டிருந்தான். கன்னியப்பன் துணி மூட்டையோடு உள்ளே வந்தார்.

"சார், உங்க பிரபுங்களுக்கு எல்லாம் கொணாந்துகிறேன். கறை படாம குடுத்துடுங்க, மறுபடி விக்கணும்" என்று சிரித்துக்கொண்டே மூட்டையை வைத்தார். நிமிர்ந்தார். சிரிப்பு போய்விட்டது.

மேடை ஏறி, அண்ணன் மகனின் தோளில் இருந்த பட்டின் முனையைக் கையில் எடுத்தார். கோபத்தில் கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"இது எப்பிடிடா வந்துச்சு?"

"உள் ரூம்பு சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

"சார்," என்று என் பக்கம் திரும்பினார், "இது இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"குஞ்சம் வைத்த..." என்று தொடங்கினேன்.

"குஞ்சமா? எங்க அண்ணன் நெய்துக்கினு இருந்த சேலை சார் இது. பாதில படுத்தவரு எழுந்திருக்கல. தறிலயே இருந்துச்சு, உள் ரூம்புல பூட்டி வச்சிருந்தேன். எங்க வூட்ல முடியாத சேலைய அறுக்க மாட்டோம். இவன் அறுத்துக்கினு வந்துகிறான்."

அவர் கையில் தொங்கியவை அறுபட்ட பாவு இழைகள், தறியில் நீளவாக்கில் ஓடுபவை, என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பூட்டி வச்சி எலி கடிக்கறதுக்கு, ராஜா போட்டுக்கினா இன்னா?" என்றான் ஏகாம்பரம். "அப்பா தறி. அப்பா சேலை. என்னை உள்ளயே உட மாட்டேன்ற. ஊரே சொல்லுது."

"இன்னாடா சொல்லுது ஊரு?"

அட்டைக் கிரீடத்தோடு நின்ற குமரன்தான் பதில் சொன்னான். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பான், பாவம். "தறியெல்லாம் நீயே எடுத்துக்கினேன்னு சொல்லுது சித்தப்பா. அதுக்குத்தான் பூட்டிட்டேன்னு."

கன்னியப்பன் தலையை ஆட்டினார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"செரி. இன்னியோட ஸ்கூல் முடிஞ்சிச்சி. தறி வேணும்னான் இல்ல? நாளைலேந்து தறில குந்தட்டும். கிளம்புடா."

எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் கல்லூரி வரை போகக்கூடிய பையன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன்கள் தேர்வுக்கு முன்பு தறிக்குப் போய்விட்டு, பிறகு திரும்பியே வராததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லில் அவன் படிப்பு முடிந்துவிடும்.

இப்படிப்பட்ட நேரத்தில் நமக்கு முதலில் வருவது பேச்சு. படிப்பின் அருமை, பிள்ளையின் எதிர்காலம் என்று அடுக்கத் தோன்றும். நானும் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். முதல் வேலையாக மற்றப் பையன்களைச் சாப்பிட அனுப்பினேன். ஒட்டிய தாடியோடு வேடிக்கை பார்த்த முனுசாமியையும் கையைப் பிடித்துத்தான் தள்ள வேண்டியிருந்தது. கூட்டம் பார்க்கும்போது யாரும் சொன்ன சொல்லிலிருந்து இறங்க மாட்டார்கள்.

பிறகு யார் பக்கம் நியாயம் என்று நான் விசாரிக்கவில்லை. அந்த வீட்டுப் பங்கு பாகம் எனக்குத் தெரியாது. ஏகாம்பரம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் எனக்கு வேறொரு பதில் கிடைத்தது. அந்த மூன்று நாள் புண் ஆற மட்டும் இல்லை. சுற்றி நின்று கத்தியவர்கள் வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, தூங்கி எழ அவகாசம் வேண்டாமா? இது எந்த நூலிலும் படித்ததில்லை. தவறாகவும் இருக்கலாம். அன்று எனக்குப் பயன்பட்டது.

"உங்க வீட்டு விஷயம். தீர்ப்பு நீங்கதான் சொல்லணும். நாளைக்குக் காலைல சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி வரைக்கும் அவன் என் மாணவன்" என்றேன்.

"நாளைக்குச் சொன்னா மட்டும் மாறிடுமா?"

"மாறலன்னா அதையே சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அவர் யோசித்தார். "செரி. ஆனா சாயங்காலம் இதையே போர்த்திக்கினு மேடை ஏறட்டும். நெசவாளி ஊரு சார் இது. எவனும் சொல்ல வேணாம். தொங்கற இழையப் பாத்தாலே தெரியும், அப்பன் சேலைய அறுத்தவன்னு. எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

எனக்கு அது எளிதான வழி. அவர் கோபம் அதோடு தணிந்துவிடும், நாடகத்துக்கும் போர்வை கிடைத்துவிடும். அவரைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஏகாம்பரம்கூட "போட்டுக்கறேன் சார்" என்றான், தரையைப் பார்த்தபடி. மேடை ஓரத்தில் பையன்கள் செய்த தொழுமரம் சாய்ந்து கிடந்தது. அந்த மரம் யாரையும் அடிப்பதில்லை, சுடுவதில்லை. நான்கு பேர் பார்க்கும்படி உட்காரவைக்கிறது, அவ்வளவுதான். அதை வகுப்பில் சிரிக்கச் சிரிக்க நடத்தியவன் நான். இப்போது என் மேடையையே அவர் தொழுமரமாகக் கேட்கிறார்.

பட்டை அவன் தோளிலிருந்து எடுத்தேன். அவசரத்தில் இழைகள் சிக்கிவிடக் கூடாது என்று கன்னியப்பனே மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாகச் சுருட்டினோம். அவர் கையில் கொடுத்தேன்.

"மேடைல யார் என்ன உடுத்தறதுங்கறது என் பொறுப்பு. இதை அவன் போர்த்த மாட்டான்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். கொண்டுவந்த மூட்டையை விட்டுவிட்டுத்தான் போனார். அதை மட்டும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

மாலையில் அரசச் சிறுவன் தலைமையாசிரியர் அறையின் பச்சை மேசை விரிப்பைப் போர்த்திக்கொண்டு வந்தான். அதில் ஒரு பெரிய மைக்கறை. "அண்ணா, மை தெரியுது. முதுகக் காட்டாத" என்று குமரன் மேடையிலேயே சொன்னது முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. சந்தைத் திருடன் தொழுமரத்தில் மாட்டிக்கொண்டு கால் வெளியே வராமல் தவித்ததற்குத்தான் அதிகக் கைதட்டல்.

கன்னியப்பன் வந்திருந்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பட்டுச் சுருள்.

கடைசிக் காட்சி. முனுசாமி சாவியோடு கோட்டைக் கதவருகே நின்றான். இளவரசர்கள் உள்ளே போக வேண்டும், அவன் பூட்ட வேண்டும். வசனம் கிடையாது. குமரன் போய்விட்டான். ஏகாம்பரம் போகவில்லை. அட்டைக் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான்:

"ஏன் பூட்டறீங்க சித்தப்பா?"

முனுசாமி ஏகாம்பரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். திரை ஓரத்துக்கு வந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தன் பெரிய குரலில், "சார், இது என் பேப்பர்ல இல்ல சார்" என்றான். கொட்டகை முழுவதும் சிரித்தது. இந்தத் தடவை நான் சிரிக்காத முகத்தைத் தேடினேன். தேட வேண்டியதே இல்லை. கன்னியப்பனின் விரல்கள் சுருளின் முனையில் தொங்கிய இழைகளை எடுப்பதும் நீவுவதுமாக இருந்தன.

ஏகாம்பரம் கையை எடுக்கவில்லை. பதில் இல்லாமல் அவன் நகரமாட்டான் என்று முனுசாமிக்குப் புரிந்திருக்க வேண்டும். திரும்பிப் போய், கிரீடத்தைச் சரி செய்துகொண்டு, நல்ல மனதோடு ஒரு பதிலைத் தானே உண்டாக்கினான்.

"எனக்கே தெரியலப்பா. பூட்டிட்டேன்."

திரை விழுந்தது. கைதட்டல் ஓய்ந்து விளக்குகள் எரிந்தபோது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்தது. பிள்ளைகள் இருவரும் அவர்களாகவே வீட்டுக்குப் போனார்கள். நான் நாட்குறிப்பில் நாடகம் நன்றாக நடந்தது என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே எதுவும் எழுத முடியாமல் பேனாவை மூடிவைத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பேசியது உண்மையா, அண்ணன் பங்கில் கன்னியப்பன் கைவைத்தாரா, எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. என்னிடம் கேட்டவர்களுக்கு அப்படியே சொன்னேன். தெரியாது என்று சொல்ல நம் வேலையில் துணிச்சல் வேண்டும். பிள்ளைகள் அதை ஆசிரியரிடம் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஒருவன் வீட்டுக்குத் தீர்ப்பு எழுதாமல் அவனைப் பள்ளியில் நிறுத்திவைக்க முடியுமா என்று பார்க்கலாம். அதுதான் நம் எல்லை.

மறுநாள் சனிக்கிழமை. தேர்வு எழுதுபவர்களுக்குத் தனி வகுப்பு உண்டு. எழுந்ததும் காபிகூடக் குடிக்காமல் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். மற்றத் தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கூடத்தைத் தாண்டி அந்த உள் அறை. கதவு திறந்திருந்தது. தறிக்கு இந்தப் பக்கம் கன்னியப்பனும் அந்தப் பக்கம் ஏகாம்பரமும் குனிந்திருந்தார்கள். நடுவில் குமரன் ஒரு கொட்டாங்கச்சியில் சாம்பல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறுத்து எடுத்த பட்டு மறுபடி தறியில் ஏறியிருந்தது. தறியில் மிஞ்சியிருந்த பாவு இழையையும் பட்டில் தொங்கிய இழையையும் ஒவ்வொன்றாக, வழுக்காமல் இருக்க விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார்," என்றார் கன்னியப்பன், தலை நிமிராமல். "தீர்ப்பு கேக்கத்தான வந்தீங்க?"

"ஆமாம்."

"ராத்திரி பூரா இதத் தடவிக்கினே இருந்தேன். ஒரு சாண் உட்டு அறுத்துகிறான் சார். கோவத்துல அறுக்கறவன் ஒட்ட அறுப்பான். சாண் உட மாட்டான். திரும்பச் சேக்கலாம்னு எண்ணி அறுத்துகிறான்." ஓர் இழையை முறுக்கி முடித்தார். "ஏன் பூட்டனேன்னு கேட்டான் இல்ல, மேடைல? அந்தத் தாடிக்காரப் பையன் சொன்னதுதான். எனக்கே தெரியல. முடிக்கவும் கை வரல, அறுக்கவும் கை வரல. பூட்டிட்டேன்."

ஏகாம்பரம் அடுத்த இழையைத் தேடி எடுத்துச் சித்தப்பாவின் விரலுக்கு நீட்டினான்.

"சேர்ந்தா பழையபடி ஆயிடுமா?" என்று கேட்டேன்.

"எங்க ஆவும்? சேத்த எடத்துல நெசவு வராது. வெறும் இழையாத்தான் நிக்கும். நின்னுட்டுப் போவுது." பிறகு, "இன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸுக்கு வர மாட்டான் சார். திங்கக்கிழமை வருவான். பரீச்சை எழுதட்டும்" என்றார்.

அந்தத் தறியைப் பார்த்தபடி நின்றேன்.

"தென்னேரிக்காரரே, இன்னா நின்னுக்கினே இருக்கறீங்க? குஞ்சம்னு சொன்னீங்க இல்ல, குந்துங்க. இந்த மொனையப் புடிங்க."

உட்கார்ந்தேன். குமரன் கொட்டாங்கச்சியை என் பக்கம் தள்ளினான். அன்று காலை நான் செய்த முதல் வேலை அதுதான்: விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு இழை முனைகளைச் சேர்த்து முறுக்கினேன். விட்டதும் பிரிந்துகொண்டது. ஏகாம்பரம் சிரித்தான். கன்னியப்பன் அதை வாங்கி மறுபடி முறுக்கினார்.